நான்கு நகர்த்தல்களும் ஒரு பாதிப் பதிலும்

யுத்தம் முடிந்து மூன்று வருடங்கள் கழிந்திருந்த 2012 ஆம் ஆண்டில், எங்கள் மாவட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென ஒரு சதுரங்கப் போட்டி நடந்தது. பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பிரிவுக்கு எங்கள் பாடசாலையிலிருந்து நான்கு பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். நான் கணிதம் படிப்பிப்பவன். ஆனால் கிராமத்துப் பாடசாலையில் கணித ஆசிரியரின் தலையில் எது எது வந்து விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மீலாத் விழா மேடை, டெங்கு ஒழிப்பு, பழைய மாணவர் சங்கக் கணக்கு. அந்த வருடம் சதுரங்கமும் வந்து விழுந்தது. அதிபர் கேட்டபோது, கலாசாலை விடுதியில் இரவிரவாக விளையாடியவன் என்ற பழைய பெருமையில் நானும் தலையாட்டிவிட்டேன். விடுதிப் பலகையில் ஒரு குதிரை தொலைந்து போய், அதற்குப் பதிலாக ஒரு சோடாப் போத்தல் மூடி நின்றது. எனது சதுரங்கக் கல்வி அவ்வளவுதான்.

போட்டிக்கு இரண்டு கிழமைகளே இருந்தன. இரண்டு கிழமையில் ஒரு பிள்ளைக்குச் சதுரங்கம் படிப்பிக்க முடியாது. ஒரு தந்திரம் படிப்பிக்கலாம். நான் தந்திரத்தைப் படிப்பித்தேன்.

சதுரங்கம் தெரிந்த வாசகர் எல்லோரும் இந்தத் தந்திரத்தை அறிவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் தனது ராஜாவின் முன்னாலுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். கறுப்பும் அவ்வாறே செய்கிறது. உடனே வெள்ளை ராணி குறுக்காகப் பாய்ந்து பலகையின் ஓரத்துக்கு வந்து, கறுப்பின் சிப்பாயைக் கண் வைக்கிறாள். கறுப்பு ஒரு குதிரையை எடுத்து அந்தச் சிப்பாயைக் காக்கிறது. மூன்றாவதாக வெள்ளையின் மந்திரி வெளியே வருகிறார். இப்போது ராணியும் மந்திரியும் ஒரே கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் சிப்பாயின் கட்டம் அது. ஆட்டத்தின் ஆரம்பத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. இதை அறியாத பிள்ளை, ஓரத்தில் நிற்கும் ராணியை விரட்டுவோம் என்ற சந்தோஷத்தில் மற்றக் குதிரையை வெளியே எடுக்கும். நான்காவது நகர்த்தலில் ராணி அந்தச் சிப்பாயை வெட்டுவாள். ஷாஹ் மாத். ஆட்டம் முடிந்தது.

இதற்கு ஆங்கிலத்தில் ஸ்கொலர்ஸ் மேட் என்று பெயர். 1656 இல் லண்டனில் வெளிவந்த பிரான்ஸிஸ் பீல் என்பவரின் நூலிலேயே இப்பெயர் காணப்படுகிறது. அக்காலத்து ஆங்கிலத்தில் ஸ்கொலர் என்றால் பள்ளிக்கூடத்துப் பையன் என்றும் பொருள்படும். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக உலகமெங்கும் சிறுவர் போட்டிகளில் ஒருவரை ஒருவர் இப்படித்தான் வீழ்த்தி வருகிறார்கள்.

எங்கள் பையன் முதற் சுற்றில் இதே நான்கு நகர்த்தலில் வென்றான். இரண்டாம் சுற்றிலும் வென்றான். நான் மண்டபத்தின் சுவரோரம் நின்று, என்னவோ நானே பெரிய சூரன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சுற்றில் அவனுக்கு முன்னால் வந்தமர்ந்தது ஒரு பெண்பிள்ளை. படுவான்கரைப் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றிலிருந்து வந்திருந்தாள். நான்காவது நகர்த்தலில் எங்கள் பையன் ராணியை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. தனது முறை வந்திருப்பதாக நினைத்துப் பலகையைப் பார்த்தபடி இருந்தாள். ராஜாவைத் தொடப் போனாள், கையை எடுத்தாள். மத்தியஸ்தர் வந்து முடிந்துவிட்டது என்று சொன்னதும், "இன்னும் விளையாட ஏலாதா?" என்று அவரிடம் கேட்டாள். ஏலாது என்றார். ஒரு சுற்றுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்த சுற்று வரை அவள் விறாந்தையில் இருந்த வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்கள் பையன் வெளியே ஓடிப்போய் கிரிக்கட் விளையாடத் தொடங்கிவிட்டான்.

இது பிழையா? அன்றிலிருந்து நான் என்னிடமே கேட்டு வரும் கேள்வி இது. சின்ன விடயம்தானே என்று சிலர் சிரிக்கலாம். சின்ன விடயங்களில்தான் நியாயத்தைத் துலக்கமாகப் பார்க்கலாம் என்பது எனது எண்ணம். பெரிய விடயங்களில் பணம், பதவி, உறவு எல்லாம் வந்து கண்ணை மறைத்துவிடும்.

முதலில் எங்களுக்குள் வழமையாக எழும் ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கமே ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹராம் என்றோ அதற்கு அண்மித்தது என்றோ சொன்னவர்கள் பலர். எமது ஷாபிஈ மத்ஹபில் பிரபல்யமான கருத்து, பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் வீண்பேச்சு இல்லாமலும் விளையாடினால் ஹராம் ஆகாது, மக்ரூஹ் என்பதாகும். தாயக்கட்டையை நம்பிய விளையாட்டையும் சிந்தனையை நம்பிய விளையாட்டையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே பிரிப்புத்தான் என்னை மாட்டியும் வைக்கிறது. சிந்தனை விளையாட்டு என்பதாலேயே இதற்கு இடம் கிடைத்தது என்றால், இரு பக்கத்திலும் சிந்தனையே இல்லாமல் முடிந்த அந்த நான்கு நகர்த்தலுக்கு என்ன பெயர்? எங்கள் பையன் சிந்திக்கவில்லை. நான் சொன்னதைச் செய்தான். அந்தப் பிள்ளைக்குச் சிந்திக்க அவகாசமே கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். அப்பாஸியர் காலத்து பக்தாதில் ஷத்ரஞ் விளையாடியவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று நின்றது பிர்ஸான், அதாவது ஆலோசகர், மந்திரி. அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். இன்று நாம் மந்திரி என்று சொல்லும் காயின் இடத்தில் நின்றது பீல், அதாவது யானை. (நமது தமிழில் மந்திரி எப்படியோ இடம் மாறிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டார். மந்திரிகள் இடம் மாறுவது நமக்குப் புதிதல்ல.) பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐரோப்பாவில்தான் அந்த ஓரங்குல மந்திரி பலகை முழுவதும் பாயும் ராணியாக மாறினார். அதன் பிறகே நான்கு நகர்த்தலில் ஆளை வீழ்த்துவது சாத்தியமானது.

பக்தாதின் ஆட்டக்காரர்கள் ஆரம்பத்தை எப்படி விளையாடினார்கள் என்பது இன்னும் சுவையானது. தஅபியா என்று சொல்வார்கள். படையை அணிவகுத்தல் என்பது பொருள். காய்கள் மெதுவாக நகர்பவை ஆதலால், இரு தரப்பும் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களைத் தத்தம் பக்கத்தில் அணிவகுத்துக்கொள்ளவே செலவிடும். அதன் பிறகே மோதல். அந்த அணிவகுப்புகளுக்குப் பெயர்களும் இருந்தன. முஜன்னஹ் என்று ஒன்று, சிறகுள்ளது என்று அர்த்தம். ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா முதவக்கிலின் காலத்தில் வாழ்ந்த அல்-அத்லீயும், பத்தாம் நூற்றாண்டில் அவரை விஞ்சிய அஸ்-ஸூலீயும் இவற்றையெல்லாம் எழுதி வைத்தார்கள். அஸ்-ஸூலீ விட்டுச் சென்ற ஒரு புதிரை விடுவிக்க ஆயிரம் வருடங்கள் சென்றன. எண்பதுகளில்தான் சோவியத் கிராண்ட்மாஸ்டர் அவர்பாக் அதன் முடிச்சை அவிழ்த்தார்.

ஆக, அன்றைய ஆட்டத்தில் எதிரியும் எழுந்து, உடுத்து, நின்ற பிறகே சண்டை தொடங்கியது. அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களது காய்களுக்கு வேகம் இல்லை, அவ்வளவுதான். சில வேளைகளில் மனிதனின் நேர்மை என்பது அவனது கையிலுள்ள கருவியின் மந்தம் மட்டுமே.

இனி கேள்விக்கு வருகிறேன். போட்டி முடிந்து ஊர் திரும்பிய பின் இதைப் பற்றிப் பாடசாலையில் பேச்செடுத்தேன். எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியர், மௌலவி, உடனே சொன்னார்: "சேர், யுத்தம் என்பதே சூழ்ச்சிதானே. ஹதீஸ் இரிக்கு." உண்மைதான், அப்படி ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஆனால் சதுரங்கம் யுத்தம் அல்ல. யுத்தத்தின் படம். படத்துக்குப் பிறகு யாரும் ஜனாஸா எடுப்பதில்லை. யுத்தத்தின் சட்டத்தைப் பதினொரு வயதுப் பிள்ளைகளின் மேசைக்குக் கொண்டுவருவதாயின், அது ஏன் என்று சொல்லும் பொறுப்பு கொண்டுவருபவருக்கு உண்டு. எங்கள் பிரதேசத்தில் முப்பது வருடமாக அந்தச் சட்டம் எல்லா மேசைகளிலும் இருந்தது. போதும்.

இன்னொரு நண்பர் வேறு விதமாகச் சொன்னார். அது கெட்ட ஆட்டம் என்றார் அவர். ராணியை முதலிலேயே வெளியே எடுப்பது விதிமுறைக்கு மாறு, நன்றாக விளையாடுபவனிடம் செல்லாது, அந்தத் தந்திரத்தில் பழகிய பிள்ளை வளர மாட்டான். இவை அனைத்தும் சரி. விபரம் தெரிந்த பிள்ளை மூன்றாவது நகர்த்தலில் குதிரையை எடுக்காமல் ஓரத்துக்கு முந்திய சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால், வெள்ளை ராணி ஓட வேண்டியவள்தான். ஆயினும் இந்த வாதத்தில் எனக்குத் திருப்தி இல்லை. இது இலாப நட்டக் கணக்கு. களவு பிழை, ஏனெனில் பிடிபடுவாய் என்பது போன்றது. பிடிபடவே மாட்டான் என்றால் களவு சரியாகிவிடுமா? அந்தத் தந்திரம் என்றென்றும் செல்லுபடியாகும் என்று வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அதுவும் தவிர, கெட்ட ஆட்டம் என்று அவ்வளவு உறுதியாகவும் சொல்ல முடியாது. 2005 இல் சிகேமன் போட்டியில் அமெரிக்காவின் ஹிகாரு நகமுரா, அப்போது பதினேழு வயது, கிராண்ட்மாஸ்டர், சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை அதே ஓரத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். பார்த்தவர்கள் திகைத்தார்கள். சசிகிரண் செய்ய வேண்டியதைச் செய்தார். எண்பத்தேழு நகர்த்தல்களின் பின் நகமுரா தோற்றார். ஆனால் அந்த ஆட்டத்தில் யாரும் யாருக்கும் அநியாயம் செய்ததாக நான் நினைக்கவில்லை. நகர்த்தல் ஒன்றே. எங்கள் பையன் வைத்த அதே ராணி, அதே கட்டம். ஓரிடத்தில் அது துணிச்சல், இன்னோரிடத்தில் ஏன் மனதை உறுத்துகிறது? பிழை இருக்குமானால் அது காயில் இல்லை, கட்டத்தில் இல்லை, எதிரே இருப்பவருக்கும் எமக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது.

அது எதிரியின் அறியாமையில் இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிடலாம். அதுவும் முழுச்சரி அல்ல. 1988 இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் விஸ்வநாதன் ஆனந்த் கொலம்பியாவின் அலொன்சோ ஸப்பாத்தாவிடம் ஆறே நகர்த்தலில் தோற்றார். அதற்கு முந்திய வருடம்தான் உலக இளையோர் சாம்பியன் பட்டம் வென்றவர் அவர். 1987 இல் மைல்ஸும் கிறிஸ்டியான்சனும் விளையாடிய ஓர் ஆட்டத்தில் இதே ஆரம்பம் வந்து, ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தது. ஐந்தாவது நகர்த்தலில் கறுப்பின் மந்திரி வந்த இடம் பிழை என்பதை அன்று இருவருமே தண்டிக்காமல் விட்டார்கள். ஆனந்த் அதே நகர்த்தலைச் செய்தார். ஸப்பாத்தா ராணியை ஒரு கட்டம் முன்னே வைத்தார். கறுப்பின் குதிரை ராஜாவுக்கு நேர் முன்னால் மாட்டிக்கொண்டது, தப்ப வழியில்லை. ஆனந்த் கைகொடுத்து எழுந்துவிட்டார். தலீல் கேளாமல் முன்னவர் சென்ற வழியே சென்றதன் பலன். தக்லீதைப் பற்றி நம்மவர்கள் எழுதிய நீண்ட நீண்ட கட்டுரைகளைவிட இந்த ஆறு நகர்த்தல்கள் தெளிவானவை. அதுவும் அறியாமைதான். ஆனால் ஆனந்துக்காக யாரும் பரிதாபப்படவில்லை. பிற்காலத்தில் உலக சாம்பியனான அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதையாகவே மிஞ்சியது. ஏனெனில் ஸப்பாத்தாவுக்குத் தெரிந்ததை அறிந்துகொள்ளும் வழி ஆனந்துக்கும் திறந்தே இருந்தது. அதே சஞ்சிகைகள், அதே மேசைகள்.

அந்தப் படுவான்கரைப் பிள்ளைக்கு எந்த வழி திறந்திருந்தது?

இங்கேதான் எனக்கு ஓர் ஹதீஸின் ஞாபகம் வந்தது. சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே போய் வழிமறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். தலக்கீ ருக்பான் என்று பிக்ஹு நூல்களில் வரும். இதில் கவனிக்க வேண்டியது, வாங்குபவன் பொய் சொல்லவில்லை. அளவையில் மோசடி இல்லை. சரக்கில் குறை இல்லை. விற்பவனும் சம்மதித்தே விற்கிறான். ஒரே ஒரு விடயம், விற்பவனுக்குச் சந்தை விலை தெரியாது. வாங்குபவனுக்குத் தெரியும். அதுவும் அந்தத் தெரியாமைக்கு விற்பவன் காரணமல்ல. அவன் தூரத்திலிருந்து வருகிறான், இன்னும் ஊருக்குள் நுழையவில்லை. அவ்வளவே. அது போதும் என்று மார்க்கம் தடுத்துவிட்டது. அது மட்டுமல்ல. அப்படி விற்றவன் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின், வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு உண்டு.

எங்கள் பையனை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தி, தூரத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளையை வழிமறிக்க வைத்தது நான்தான்.

ஆனால் இந்த ஒப்பீட்டையும் நான் கடைசிவரை இழுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வியாபாரத்தில் விலை தெரிவது என்பது வியாபாரத்துக்கு வெளியே உள்ள ஒன்று. சதுரங்கத்தில் தெரிவதுதான் போட்டியே. எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்பதைத் தவிர அங்கே வெல்வதற்கு வேறு வழி என்ன இருக்கிறது? எதிரியின் அறியாமையைப் பயன்படுத்தாதே என்றால், ஓட்டப்பந்தயத்தில் மற்றவனின் மெதுவைப் பயன்படுத்தாதே என்று சொல்வதாகிவிடும். போட்டிக்கு வந்தவள் தோற்கவும் சம்மதித்தே வந்தாள். தவிர, சதுரங்கப் பலகையில் ஒளிப்பு மறைப்பு எதுவும் இல்லை. எல்லாக் காயும் இருவருக்கும் தெரியவே நிற்கின்றன.

நீண்ட காலம் இந்த இரண்டு எண்ணங்களுக்கும் இடையில் ஊசலாடினேன். ஒருநாள் பிழை என்பேன், மறுநாள் இல்லை என்பேன். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றும் போதெல்லாம் நான் ஒன்றைச் செய்வதுண்டு. நடந்ததைத் திரும்பவும் முழுமையாக ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். வாதத்தில் அகப்படாதது சில வேளை சம்பவத்தில் அகப்படும். அப்படிப் பார்த்தபோதுதான், நான் இவ்வளவு நாளும் கேள்வியைப் பிழையான இடத்தில் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தேன் என்று விளங்கியது. நான்கு நகர்த்தலைப் பற்றி நான் இவ்வளவு நேர்மையாக யோசித்தது, அதற்குப் பிறகு நடந்ததை யோசிக்காமல் இருப்பதற்காகவே. அதை இப்போது சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதியதே அதற்காகத்தான்.

மூன்றாம் சுற்று முடிந்து சாப்பாட்டுக்கும் ளுஹருக்குமாக இடைவேளை விட்டார்கள். தொழுதுவிட்டு வந்து, சுவரில் ஒட்டியிருந்த நான்காம் சுற்றின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளையை அழைத்து வந்த ஆசிரியை என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். கோபம் ஒன்றும் இல்லை. "சேர், அது எப்பிடி எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்க. எனக்கே தெரியாம நான் என்னத்தப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற" என்றார்.

பக்கத்து மேசையில் இருந்த பலகையில் வைத்துக் காட்டினேன். ராணி வருவதை, மந்திரி வருவதை, எந்தக் கட்டம் பலவீனம் என்பதை. இதை எப்படித் தடுப்பது என்று கேட்டார். அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராணியின் வழியை மறித்தால் போதும் என்றேன். அவர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு நன்றி சொன்னார்.

போதாது. அது எனக்குத் தெரியும். சிப்பாய் மறித்ததும் வெள்ளை ராணி ஓடிவிடுவதில்லை. நடுவே பின்வாங்கி, அதே கட்டத்தை இப்போது நேர்க்கோட்டில் குறி வைக்கிறாள். மந்திரி ஏற்கெனவே அங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இம்முறை ராஜாப் பக்கத்துக் குதிரையை முன்னே எடுத்து அந்தக் கோட்டை மறிக்க வேண்டும். முதல் ஆபத்தில் எது பிழையோ, இரண்டாவது ஆபத்தில் அதுவே சரி. இதை நான் சொல்லவில்லை. மறந்துபோகவும் இல்லை. அட்டவணையில் எங்கள் இரண்டாவது பையனின் பெயருக்கு எதிரே, அந்த ஆசிரியையின் பாடசாலைப் பையன் ஒருவனின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவருக்கு விளக்கம் சொன்னேன்.

நான்காம் சுற்றில் அந்தப் பையன், தனது டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே சிப்பாயைத் தள்ளினான். தள்ளிவிட்டு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தான். எங்கள் பையன் ராணியைப் பின்னே எடுத்தான். ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்த மற்றவன், தான் திறந்த இடைவெளியில் மந்திரியை அழகாகக் கொண்டுவந்து வைத்தான். ஐந்தாவது நகர்த்தலில் முடிந்தது.

இப்போது என் கேள்வி வேறு. கிராண்ட்மாஸ்டர்கள் தாங்கள் கண்டுபிடித்த புதிய நகர்த்தல்களை மாதக்கணக்கில் ஒளித்து வைக்கிறார்கள். அதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. போட்டியாளன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எதிரிக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். நானும் சொல்லாமல் இருந்திருக்கலாம். "டீச்சர், போட்டி முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லித் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டு போயிருப்பார். அதில் எந்தக் குற்றமும் இல்லை. வாயை மூடிக்கொள்வது ஒன்று. பாதியைச் சொல்லி அதை முழுமை என்று நம்ப விடுவது இன்னொன்று. தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் எல்லோருக்கும் தெரியும். அந்த வியாபாரியும் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. காய்ந்த தானியம் மேலே இருந்தது, அதுவும் உண்மையான தானியம்தான். நான் கொடுத்த பதிலும் உண்மைதான். மேலே காய்ந்திருந்தது.

அவர் என்னிடம் வந்தது எதிரணியின் பயிற்றுநரிடம் அல்ல, ஓர் ஆசிரியரிடம். ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் கேட்பது போலவே கேட்டார். நானும் ஓர் ஆசிரியரின் குரலில், ஆசிரியரின் பொறுமையோடு, பலகையில் வைத்து விளக்கினேன். உள்ளே இருந்து பதில் சொன்னது வேறு ஆள். பலகையில் ஒளிப்பு மறைப்பு இல்லை என்று மேலே எழுதினேன். பலகையில் இல்லைதான்.

இதற்குப் பிறகு நான்கு நகர்த்தலைப் பற்றிய எனது தீர்ப்பும் கொஞ்சம் மாறியது. அந்தத் தந்திரத்தை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் காய்களின் நகர்வு தெரிந்த மறுநாளே, தடுக்கும் விதத்தை முதலில், இரண்டு ஆபத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளையாக இருந்து அதை விளையாட வேண்டாம் என்று யாரையும் தடுப்பதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓட வேண்டாம். பெரிய ஆட்டக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி, எங்கே பிழைத்தது என்று சேர்ந்து பார்ப்பார்கள். வழிமறிக்கப்பட்ட வியாபாரிக்குச் சந்தையில் கிடைத்த உரிமையைச் சதுரங்கத்தில் கொடுக்க முடியாது, தொட்ட காய் தொட்டதுதான். ஆனால் சந்தை விலையையாவது சொல்லிவிடலாம். பிள்ளைகளில் சிலர் அப்படிச் செய்கிறார்கள். பலர் கிரிக்கட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். நான் வற்புறுத்துவதில்லை. இந்த விடயத்தில் வற்புறுத்த எனக்கு வாய் இல்லை.

2017 இல் கணித ஆசிரியர்களுக்கான செயலமர்வு ஒன்றில் அந்த ஆசிரியையைத் திரும்பக் கண்டேன். தேநீர் இடைவேளையில் அவரே வந்து சுகம் விசாரித்தார். அந்தப் பெண்பிள்ளை சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சதுரங்கம் விளையாடுகிறாளா என்று கேட்டேன். அன்றைக்குப் பிறகு அவள் பலகைப் பக்கம் வரவில்லையாம். அடுத்தவன், அந்தப் பையன், இரண்டு வருடம் விளையாடினானாம்.

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. அன்று நான் பாதியைத்தான் சொன்னேன் டீச்சர், மீதி எனக்குத் தெரிந்தே இருந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"தெரியும் சேர். அண்டைக்கே விளங்கிற்று. நான் மேசைக்குப் பக்கத்திலதானே நிண்டன்" என்றார். பிறகு, "குதிரைய முன்னுக்கு எடுக்கோணும், அப்பிடித்தானே?" என்று கேட்டார்.

அப்படித்தான் என்றேன்.